கடலூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்: வயசானவங்க அவங்க வீட்லயே இருக்கணும்னா வாசல்லேர்ந்து வேலைய ஆரம்பிங்க

மேயர் அம்மா அவர்களுக்கும் கமிஷனர் அவர்களுக்கும் 45 வார்டு கவுன்சிலர்களுக்கும் வணக்கம்.

நான் திருப்பாப்புலியூர்ல ஒரு மெடிக்கல்ல பார்மசிஸ்ட்டா வேலை பாக்கறேன். எங்க கடைக்கு வர்றவங்கள்ல முக்காவாசி வயசானவங்க, இல்லாட்டி வீட்ல இருக்கற வயசானவங்களுக்கு மாத்திரை வாங்க வர்றவங்க. அதனால யாருக்கு சுகர் ஏறிடுச்சு, யாரு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க, போன மாசம் வரைக்கும் தானா நடந்து வந்தவங்க யாரு இந்த மாசம் பேரன்கிட்ட சீட்டு குடுத்து அனுப்பறாங்கன்னு டாக்டருக்கு முன்னாடியே எங்களுக்கு தெரிஞ்சிடும். அந்த கவுண்ட்டர்ல நின்னு பாத்தத வச்சுதான் இத எழுதறேன், தப்பா நெனைக்காம கடைசி வரைக்கும் படிங்க.

முதியோர் பிரச்சனைன்னு பேச ஆரம்பிச்சாலே நம்ம ஊர்ல பேச்சு ரெண்டு எடத்துல போய் நின்னுடும். ஒண்ணு பென்ஷன். அது வேணும், கண்டிப்பா வேணும், 2023 ஆகஸ்ட்லதான் 1,000 ரூபாய 1,200 ஆக்கினாங்க, அதுல மத்திய அரசோட பங்கு 60லேர்ந்து 79 வயசு வரைக்கும் வெறும் 200 ரூபா, 80 தாண்டினா 500, பல வருஷமா அது அப்படியேதான் நிக்குது. இன்னொண்ணு, "பெத்தவங்கள புள்ளைங்க பாத்துக்க மாட்டேங்குதுங்க, காலம் கெட்டுப் போச்சு"ங்கற பேச்சு. இந்த ரெண்டாவது பேச்சுலதான் எனக்கு பெரிய வருத்தம். வயசானவங்க வீட்லயே இருக்கறது அந்த வீட்டுக்காரங்க பாடு, அவங்க குடும்ப விஷயம்னு சொல்லி எல்லாரும் ஒதுங்கிக்கறோம். ஆனா ஒரு தெருவுல நாலு வயசானவங்க நல்லபடியா நடமாடிக்கிட்டு இருந்தா அதோட பலன் அந்த நாலு வீட்டோட நிக்கறது இல்ல, தெரு முழுக்க போய் சேருது. தெரு லைட்டுக்கும் வாய்க்காலுக்கும் எப்படி பொதுப்பணம் ஒதுக்கறீங்களோ அதே மாதிரி இதுக்கும் ஒதுக்கணும்னு கேக்கத்தான் இந்த மடல்.

2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுல 60 வயசு தாண்டினவங்க நூத்துக்கு பத்து பேர் சொச்சம். 2021க்கு மத்திய அரசு போட்ட கணக்குல 13.6 சதவீதம், 2031ல 18.2 சதவீதம் ஆயிடும்னு அதே கணக்கு சொல்லுது, நாட்டுலயே கேரளாவுக்கு அடுத்து நாமதான். வீட்டுக்கு புள்ளைங்க ஒண்ணு இல்லாட்டி ரெண்டு, அதுங்களும் சென்னை பெங்களூரு சிங்கப்பூர் துபாய்னு பொழப்புக்கு போயிருக்குங்க. அதுங்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, படிச்ச படிப்புக்கு இங்கயே வேலை இருந்தா எதுக்கு போவப் போறாங்க.

எங்க தெருவுல ஒரு ஆயா இருந்தாங்க. எண்பத நெருங்கற வயசு, தனியாதான் இருந்தாங்க, திண்ணை வச்ச பழைய ஓட்டு வீடு. காலைல வாசல் தெளிச்சு கோலம் போட்டுட்டு திண்ணைல உக்காந்தாங்கன்னா சாயந்தரம் வரைக்கும் அந்த தெருவுக்கு அவங்கதான் ஆபீஸ். வேலைக்கு போற நாலஞ்சு வீட்டு சாவி அவங்க முந்தானைல முடிஞ்சிருக்கும். சிலிண்டர் வந்தா காசு குடுத்து எறக்கி வைப்பாங்க, தபால் வாங்கி வைப்பாங்க, கரண்ட் ரீடிங் எடுக்க வந்தா கதவ தொறந்து விடுவாங்க. எதிர்வீட்டு பொண்ணு ஒரு ஜவுளிக்கடைல சேல்ஸ்ல இருக்கா, வீட்டுக்கு வர நைட் ஒன்பதரை ஆயிடும், அவளோட ரெண்டு புள்ளைங்களும் ஸ்கூல் விட்டு வந்தா ஆயா திண்ணைலதான் பாடம் எழுதும், அங்கயே ஒரு வாய் சாப்புட்டு அங்கயே தூங்கிடும். இதுக்கெல்லாம் யாரும் ஆயாவுக்கு சம்பளம் குடுத்தது இல்ல, ஆயாவும் கேட்டது இல்ல, மாச சாமான் வாங்கும்போது ஆளுக்கு கொஞ்சம் அவங்களுக்கும் வாங்கி போடுவாங்க, தீபாவளிக்கு ஒரு பொடவை, அவ்ளோதான்.

அந்த ஆயா அவங்க வாசல்லயே விழுந்தாங்க. நம்ம ஊர் ரோடு எப்படி போடறாங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், பழைய ரோட்ட சொரண்டி எடுக்காம அது மேலயே மறுபடி மறுபடி போட்டுப் போட்டு ஏத்தினதுல பழைய வீடெல்லாம் பள்ளத்துக்கு போயிடுச்சு. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல வாய்க்கால், வாய்க்கா மேல கடப்பா கல்லு, அதுவும் ஒரு பக்கம் ஆடும், பிடிச்சுக்க ஒரு கம்பி கெடையாது. மழ பேஞ்ச மறுநாள் அந்த கல்லு மேல கால் வச்சு வழுக்கி இடுப்பெலும்பு ஒடஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணி பிளேட் வச்சு, அதுக்கப்புறம் தனியா இருக்க முடியாதுன்னு மவன் சென்னைக்கு கூட்டிட்டு போயிட்டாரு, மூணாவது மாடி பிளாட்டு. அவரு மேல ஒரு குத்தமும் இல்ல, நல்ல புள்ள, அவரால முடிஞ்சத செஞ்சாரு.

ஆனா தெருவுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. ஜவுளிக்கடை பொண்ணு வேலைய விட்டுட்டா, சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல ரெண்டு புள்ளைங்கள யாரு பாத்துக்கறது. அவ சம்பளத்துலதான் சீட்டு கட்டிட்டு இருந்தாங்க, அதுவும் நின்னு போச்சு. ஆயா வீடு பூட்டிக் கெடக்கு, பின்னாடி தொட்டில தண்ணி நின்னு கொசு, மருந்தடிக்க வர்ற ஆளுங்க பூட்டின வீட்டுக்குள்ள எப்படி போவாங்க. கீரைக்காரம்மா கூட "உங்க தெருவுல காலைல யாரும் இல்லம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த தெருவோட திரும்பிடறாங்க. ஆடுன கல்லு ஒண்ணு, பிடிக்க கம்பி இல்லாத வாசல் ஒண்ணு. இதுக்கு ஆஸ்பத்திரி செலவும் ஒரு பொண்ணோட சம்பளமும் ஒரு தெருவோட பாதுகாப்பும் போயிருக்கு. அந்த கல்ல சரி பண்ண என்ன செலவாயிருக்கும்னு உங்க இன்ஜினியர்கிட்ட கேளுங்க.

உலகம் முழுக்க வருஷத்துக்கு 6,84,000 பேர் கீழ விழுந்து சாவறாங்க, அதுல 60 வயசு தாண்டினவங்கதான் ஜாஸ்தின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வயசான காலத்துல விழறது விதின்னு நெனைச்சுக்கறோம், பெரும்பாலும் அது தரையும் படியும் பண்ற வேலை. பாத்ரூம்ல பளபளன்னு டைல்ஸ், உக்காந்து எந்திரிக்க முடியாத கக்கூஸ், நடுராத்திரி சுவிட்ச தேடி இருட்டுல நடக்கறது, இத்தோட தலை சுத்தற பிபி மாத்திரை. வெல்டிங் பட்டறைக்காரர் அரை நாள்ல ஒரு ஸ்டீல் கம்பிய சொவத்துல போட்டு குடுத்துடுவாரு. எங்க கடைல வாக்கர் வாங்க வர்றவங்க கிட்ட நான் கேப்பேன், பாத்ரூம்ல கம்பி போட்டுட்டீங்களான்னு. வாடகை வீடுங்க, ஹவுஸ் ஓனர் சொவத்துல ஓட்டை போட விட மாட்டேங்கறாருன்னு சொல்றவங்க நெறைய. மாநகராட்சி ஒரு நோட்டீஸ் போட்டு, இது ஓட்டை போடற விஷயம் இல்ல உயிர் விஷயம்னு ஓனர்ங்களுக்கு எடுத்து சொல்லலாம் இல்லையா, இல்லாதவங்க வீட்டுக்கு நீங்களே கம்பியும் கம்மோடும் போட்டு குடுக்கலாம் இல்லையா.

அடுத்தது கொஞ்சம் கூச்சமான விஷயம், ஆனா சொல்லியே ஆவணும். காலு வீக்கத்துக்கும் ஹார்ட்டுக்கும் தண்ணி மாத்திரை, அதாவது ஒண்ணுக்கு அடிக்கடி போக வைக்கற மாத்திரை, சாப்புடறவங்க நெறைய பேர் டவுனுக்கு வர்ற அன்னைக்கு அந்த மாத்திரைய போட மாட்டாங்க. ஏன்னு கேட்டா, "வழில அவசரமா வந்துட்டா எங்கம்மா போவேன்"னு சொல்வாங்க. உழவர் சந்தைக்கு போற அன்னைக்கு, பேங்குக்கு போற அன்னைக்கு, பாடலீஸ்வரர் கோயிலுக்கு போற பிரதோஷத்து அன்னைக்கு, இப்படி விட்டு விட்டு சாப்புட்டா காலு வீங்கி மூச்சு எறைக்க ஆரம்பிச்சு நேரா மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கோ இல்ல ஜிப்மருக்கோ ஓட வேண்டியதா இருக்கு. பஸ் ஸ்டாண்டு, சந்தை, கோயில் பக்கம் சுத்தமான, மேல உக்கார்ற மாதிரி கம்மோடு வச்ச, கம்பி வச்ச டாய்லெட் இருந்துச்சுன்னா அதுவும் ஒரு வைத்தியம்தான். அது வயசானவங்களுக்கு மட்டுமா பிரயோஜனம், புள்ளத்தாச்சிக்கும் கொழந்தைய கூட்டிட்டு வர்றவங்களுக்கும் தள்ளுவண்டி போட்டு நாள் பூரா நிக்கற பொம்பளைங்களுக்கும் அது வேணும்.

இப்ப ஒரு முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இத சொல்லாம விட்டா இந்த மடலே பொய்யாயிடும். "வயசானவங்கள வீட்லயே வச்சு பாத்துக்கணும்"னு மேடைல சொல்றவங்க எல்லாரும் ஆம்பளைங்க, வீட்ல பாத்துக்கறவங்க எல்லாரும் பொம்பளைங்க. டயப்பர் வாங்க எங்க கடைக்கு வர்ற மருமவளுங்க முகத்த நான் தெனம் பாக்கறேன். பாக்கெட்டா வாங்க காசு இல்லாம ரெண்டு பீஸ், மூணு பீஸ்னு வாங்கிட்டு போவாங்க, அதுவும் ராத்திரிக்கு மட்டும், பகல்ல பழைய பொடவைய கிழிச்சு வச்சு தொவச்சுக்கறாங்க. படுத்த படுக்கையா இருக்கறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பி போடணும், இல்லன்னா முதுகுல புண்ணு வந்துடும்னு நான் சொல்லி குடுப்பேன், சரிக்கானு தலையாட்டிட்டு போறாங்க, ஆனா ராத்திரி பூரா ஒரு பொம்பள ஒண்டியா அத எப்படி செய்வா, காலைல அவ நாலு வீட்டு வேலைக்கும் போவணும். 2024ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாடு சர்வேல, வீட்டு ஆளுங்கள பராமரிக்கற வேலைல 15லேர்ந்து 59 வயசு பொம்பளைங்கள்ல 41 சதவீதம் இருக்காங்க, ஆம்பளைங்கள்ல 21.4 சதவீதம்தான். கொழந்தைங்கள பாத்துக்கறதும் அதுலயே சேத்திதான், இருந்தாலும் யாரு தலைல வேலை விழுதுன்னு அதுலயே தெரியுது.

அதனால நான் கேக்கறது "வீட்லயே வச்சுக்கோங்க"ன்னு குடும்பத்துக்கு புத்தி சொல்ற போஸ்டர் இல்ல, வீட்டுக்கு வந்து கை குடுக்கற ஆளுங்க. குளிப்பாட்ட, திருப்பி போட, புண்ணு கட்ட, ஒரு நாலு மணி நேரம் கூட உக்கார, அந்த நேரத்துல வீட்டுப் பொம்பள வேலைக்கோ கடைக்கோ போயிட்டு வர. ஏஜென்சில ஆள் கேட்டா நம்ம ஊர்ல ஒரு சாதாரண குடும்பத்தோட மொத்த வருமானத்தையே கேக்கறாங்க. மகளிர் சுய உதவிக் குழுவுல இருக்கற பொண்ணுங்களுக்கு முறையா பயிற்சி குடுத்து, மாநகராட்சியே மாச சம்பளம் போட்டு, வார்டுக்கு ரெண்டு பேர்னு ஆரம்பிங்க. ஒரு பக்கம் அந்த பொண்ணுக்கு உள்ளூர்லயே வேலை, இன்னொரு பக்கம் வீட்ல முடங்கிக் கெடக்கற மருமவ மறுபடி வேலைக்கு போவா. ஆனா தயவு செஞ்சு அந்த பொண்ணுங்கள "தன்னார்வலர்"னு பேரு வச்சு கொஞ்சம் ஊக்கத்தொகைய கைல குடுத்து ஒப்பேத்திடாதீங்க, அது முதுகு ஒடியற வேலை, அதுக்கு முழு கூலி வேணும்.

எல்லா வீடும் வயசானவங்களுக்கு பாதுகாப்பான எடம்னும் நான் சொல்ல வரல. சொத்த எழுதி வாங்கிட்டு சோறு போடாத வீடும் இருக்கு, பென்ஷன் காச புடுங்கிக்கற வீடும் இருக்கு. 2007ல வந்த பெற்றோர் பராமரிப்பு சட்டம் இருக்கு, ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் கிட்ட மனு குடுக்கலாம், பாத்துக்கறேன்னு சொல்லி எழுதி வாங்கிட்டு கைவிட்டா அந்த பத்திரத்தையே ரத்து பண்ண அதுல வழி இருக்கு, 14567னு ஹெல்ப்லைனும் இருக்கு. இதெல்லாம் எத்தன வயசானவங்களுக்கு தெரியும். இல்லத்துல போய் இருக்கணும்னு விருப்பப்படறவங்க நல்ல இல்லத்துக்கு போவட்டும், அது அசிங்கம் இல்ல. இருக்கணும்னு ஆசப்படறவங்களுக்கு வீட்லயே இருக்க வழி பண்ணுங்கன்னுதான் கேக்கறேன்.

புதுசா எதையும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியது இல்ல. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் நம்ம ஊர்லயும் வீடு வீடா சுகர் மாத்திரையும் பிபி மாத்திரையும் கொண்டு போவுது, எங்க கடைல அந்த மாத்திரை வியாபாரம் கொறஞ்சுது, எனக்கு அதுல சந்தோஷம்தான், ஏன்னா முன்னாடி பத்து நாள் மாத்திரை வாங்கி முப்பது நாளைக்கு இழுத்தவங்க இப்ப ஒழுங்கா சாப்புடறாங்க. படுக்கைல இருக்கறவங்களுக்கு பிசியோதெரபியும் நோவு தணிக்கற சிகிச்சையும் கூட அதுல இருக்கு. 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு 70 வயசு தாண்டினவங்க வீட்டுக்கே ரேஷன் சாமான் போவ ஆரம்பிச்சுது. பென்ஷன்காரங்களுக்கு போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்ல உயிர்ச் சான்று எடுத்து குடுக்கறாரு. 70 தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை குடுக்கணும்னு 2017லயே ரிசர்வ் பேங்க் பேங்குங்களுக்கு சொல்லிடுச்சு, ஆனா வாக்கரோட ஒரு தாத்தா ஆட்டோ பிடிச்சு வந்து கவுண்ட்டர்ல கைநாட்டு வச்சாத்தான் காசுன்னு திருப்பி அனுப்பினத நான் கண்ணால பாத்திருக்கேன்.

பாருங்க, ஒரே ஆயா வீட்டுக் கதவ மாத்திரை கொண்டு வர்ற அக்கா ஒரு நாள் தட்டறாங்க, ரேஷன் வண்டி ஒரு நாள் தட்டுது, போஸ்ட்மேன் ஒரு நாள் தட்டறாரு. மூணு டிபார்ட்மெண்ட் கிட்டயும் அந்த ஆயா பேரு இருக்கு. ஆனா அந்த ஆயா வாசல்ல கல்லு ஆடுதுன்னு ரோடு போடற டிபார்ட்மெண்டுக்கு யாரு சொல்லுவா. மாத்திரை குடுக்க வர்ற அக்காவுக்கு கண்டிப்பா தெரியும், அவங்களும் அதே கல்லு மேலதான கால் வச்சு உள்ள போறாங்க. அவங்க சொன்னா வார்டு ஆபீஸ்ல எழுதிக்கிட்டு பதினஞ்சு நாள்ல சரி பண்ணணும்னு ஒரு ஆர்டர் போடுங்க, அதுக்கு பெருசா செலவு கூட இல்ல.

இப்படி தனித்தனியா கெடக்கற பேரெல்லாம் வார்டுல ஒரே லிஸ்டா இருக்கறது நம்ம ஊருக்கு எவ்ளோ முக்கியம்னு புயல் வரும்போதுதான் தெரியும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024ல ஃபெஞ்சல், அது கரை ஏறின கையோட சாத்தனூர் டேம்ல வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தொறந்து விட்டு தென்பெண்ணை கரையோரம் நாணமேடு உச்சிமேடு உப்பலவாடி பக்கமெல்லாம் தண்ணி பூந்துச்சே. அந்த மாதிரி ராத்திரில யாரு வீட்ல எந்திரிக்க முடியாதவங்க இருக்காங்க, யாரு தனியா இருக்காங்க, யாருக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடுது, யாருக்கு டயாலிசிஸ் இருக்குன்னு தேடிட்டு இருந்தா நேரம் ஏது. வார்டுல முன்னாடியே லிஸ்டு இருக்கணும், இந்த வீட்டு தாத்தாவ தூக்கறது இந்த ரெண்டு பசங்க பொறுப்புன்னு பேரோட எழுதி வச்சிருக்கணும், ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ அத சரி பாக்கணும்.

புயல் நேரத்துல வயசானவங்க பாரமா மட்டும் இருக்கறது இல்ல. தானே அடிச்சப்ப கரண்ட் நாள் கணக்குல இல்ல, சில எடத்துல வாரக் கணக்கு ஆச்சு, பிரிட்ஜ் ஓடலன்னா இன்சுலின் கெட்டுடும்னு எல்லாரும் பயந்தப்ப, வழிய காட்டினது ஒரு பாட்டிதான். ஒரு சின்ன டப்பால இன்சுலின போட்டு இறுக்கி மூடி, ஈர மணல்ல வச்ச பானைக்குள்ள வச்சு மேல ஈரத்துணிய சுத்தி வச்சாங்க. பானைக்குள்ள வெளியில இருக்கற சூட்ட விட குளுமையா இருக்கும், கரண்ட் இல்லாத எடத்துல இன்சுலின அப்படி பானைல வைக்கறது உலகத்துல பல ஊர்ல இருக்கற பழக்கம்தான். இன்னிக்கும் புயல் எச்சரிக்கை வந்தா நான் இன்சுலின் வாங்கறவங்க எல்லார்கிட்டயும் அந்த பானை விஷயத்த சொல்லித்தான் அனுப்பறேன். கெடிலம் பொங்கினா எந்த தெருவுல மொதல்ல தண்ணி ஏறும், எந்த தெரு மேடு, பழைய வாய்க்கா எங்க ஓடுச்சு எங்க மூடி வீடு கட்டிட்டாங்கன்னு அவங்களுக்குதான் தெரியும். அவங்கள ஊர விட்டு அனுப்பிட்டா அந்த அறிவும் கூடவே போயிடும்.

கேரளாவ பாருங்கன்னு சொன்னா சில பேருக்கு கோவம் வருது, இருந்தாலும் சொல்றேன். 1993ல கோழிக்கோட்டுல சில டாக்டருங்க ஆரம்பிச்ச நோவு தணிப்பு சேவை அக்கம்பக்கத்து ஜனங்க கைக்கு போய், தெருக்காரங்களே பயிற்சி எடுத்துக்கிட்டு படுக்கைல இருக்கறவங்கள வாரா வாரம் போய் பாக்கற பழக்கமாச்சு. 2008ல அந்த அரசாங்கம் அதுக்குன்னு ஒரு கொள்கையே போட்டு, உள்ளாட்சி மூலமா நர்ஸ வீட்டுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. அங்க பஞ்சாயத்து பட்ஜெட்ல இதுக்கு ஒரு வரி இருக்கும். நம்ம மாநகராட்சி பட்ஜெட்லயும் அந்த ஒரு வரி வரணும்னுதான் கேக்கறேன்.

புள்ளைங்கள பத்தியும் சொல்லணும். எங்க கடைக்கு ஒரு ஏழாங்கிளாஸ் பையன் வருவான், ஆயாவுக்கு மாத்திரை வாங்க. எழுத படிக்க தெரியாதவங்களுக்கு நாங்க அட்டைல பேனாவால கோடு போட்டு குடுப்போம், ஒரு கோடுன்னா காலைல, ரெண்டு கோடுன்னா நைட்டு. இந்த பையன் ஒரு நாள் வந்து, "அக்கா, ஆயாவுக்கு கண்ணு தெரியல, கோடு போட்டா பிரயோஜனம் இல்ல, நைட்டு மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்டு குடுங்க, தடவி பாத்து எடுத்துக்கும்"னான். அன்னைலேர்ந்து கண்ணு மங்கினவங்க எல்லாருக்கும் நாங்க ரப்பர் பேண்டுதான் போடறோம். அந்த வயசுல அடுத்தவங்க கஷ்டத்த கவனிச்சு அதுக்கு ஒரு வழியும் கண்டுபிடிக்கற புத்தி எந்த டியூஷன்லயும் வராது, அவங்க ஆயா கூட ஒரே வீட்ல இருக்கறதால வந்தது.

பகல்ல போய் உக்கார ஒரு எடமும் வேணும். 2025-26 மாநில பட்ஜெட்ல 25 அன்புச்சோலை மையம்னு அறிவிச்சு 10 கோடி ஒதுக்கினாங்க, பகல்ல வயசானவங்க வந்து இருந்துட்டு சாயந்தரம் வீட்டுக்கு போற மாதிரி. நல்ல யோசனை, ஆனா முட்டி வலில அவதிப்படறவங்க ரெண்டு பஸ் மாறி ஒரு பெரிய மையத்துக்கு வர மாட்டாங்க. நடந்து போற தூரத்துல சின்னதா இருந்தா போதும். அங்கன்வாடி பக்கத்துலயே ஒரு ரூம், சமுதாயக் கூடம் கல்யாணம் இல்லாத நாள்ல, நகர்ப்புற நலவாழ்வு மையத்து வராண்டா, ஃபேனு, குடிக்க தண்ணி, கம்மோடு வச்ச டாய்லெட், ஒரு பிபி மெஷின். அங்கன்வாடி பக்கத்துல இருந்தா புள்ளைங்களும் பெரியவங்களும் தானா ஒண்ணு சேந்துடுவாங்க.

காசுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. ஒரு ஆள் விழுந்து பெரியாஸ்பத்திரில சேந்தா அந்த பெட்டுக்கு ஆவற செலவு அரசாங்கத்துக்கு, கூட இருக்கற ஆளோட தெனக்கூலி போறது குடும்பத்துக்கு, வேலைய விட்ட பொண்ணோட சம்பளம் போறது நம்ம ஊர் கடைத்தெருவுக்கு. இப்பவே செலவாயிட்டுதான் இருக்கு, எந்த கணக்குலயும் வராம செலவாவுது. எல்லா வார்டுலயும் ஒரே நேரத்துல செய்ய முடியாதுன்னா, திருப்பாப்புலியூர்ல ரெண்டு தெரு, முதுநகர்ல ரெண்டு தெரு, தேவனாம்பட்டினத்துல ரெண்டு தெரு எடுங்க. ரோடு போடறதுக்கு முன்னாடி பழசு சொரண்டி எடுக்கணும், வாய்க்கா மேல ஆடாத ஸ்லாபு, வாசலுக்கு சரிவு, தேவப்படற வீட்ல கம்பி, நூறடிக்கு ஒரு பெஞ்சு, ரெண்டு பயிற்சி எடுத்த பொண்ணுங்க. ஒரு வருஷம் செஞ்சு பாத்துட்டு, எத்தன பேர் விழுந்தாங்க, எத்தன பேர் ஆஸ்பத்திரில சேந்தாங்க, எத்தன பொம்பளைங்க மறுபடி வேலைக்கு போனாங்கன்னு எண்ணி பாத்து எல்லாருக்கும் தெரியற மாதிரி போர்டுல ஒட்டுங்க.

வார்டு ஜனங்க கூடி பேசற அடுத்த ஏரியா சபை கூட்டத்துல இத ஒரு பொருளா வைங்க. எங்க வார்டுல வச்சா நான் வர்றேன், எந்தெந்த வீட்டு வாசல்ல கல்லு ஆடுதுன்னு தெருக்காரங்களோட சேந்து எழுதி கொண்டு வர்றேன், பயிற்சிக்கு வர்ற பொண்ணுங்களுக்கு மாத்திரை விஷயம், இன்சுலின் போடற விஷயம் சொல்லி குடுக்கவும் தயார், காசு வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள், கூட்டத்த வார நாள்ல காலைல பதினோரு மணிக்கு வைக்காதீங்க, அந்த நேரத்துல வேலைக்கு போறவங்களும் வர முடியாது, வீட்ல படுக்கைல இருக்கறவங்கள பாத்துக்கறவங்களும் வர முடியாது. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு, மாடி ஏறாத கட்டடத்துல, நாற்காலி போட்டு வைங்க. நடக்க முடியாதவங்கள கூட்டிட்டு வர வார்டுக்கு ஒரு ஆட்டோ ஏற்பாடு பண்ணுங்க.

இப்படிக்கு,
திருப்பாப்புலியூர்லேர்ந்து ஒரு பார்மசிஸ்ட்